போன் அலறினால்

“நான் பிரதமரானா மொதல்ல அந்தப் போன் சத்தத்தத்தான் மாத்துவேன்க்கா.”

அரியாங்குப்பத்தில் டெம்போ ஏறிய மீன்காரப் பெண், கூடையைக் காலருகே இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவளிடம் சொன்னாள். தெரிந்தவர்கள் போலிருக்கிறது. நான் எதிர்ச் சீட்டில் இருந்தேன்.

“நீ எப்ப பிரதமரான?”

“பொண்ணுக்கு ஸ்கூல்ல ‘நான் பிரதமரானால்’னு எழுதியாரச் சொல்லியிருக்காங்க. நீயா இருந்தா என்னம்மா பண்ணுவேன்னு கேட்டா.”

“எந்தச் சத்தம்?”

“புயலு, சுனாமின்னா எல்லார் போனும் ஒண்ணா அலறுமே, அது. மொதவாட்டி அலறுனப்ப பொண்ணு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். செருப்புகூடப் போடல. அப்புறம் பாத்தா சும்மா டெஸ்ட்டாம்.”

“எங்க தெருவே வெளிய வந்து நின்னுச்சு.”

“ரெண்டாவது வாட்டி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். போன மாசம் அலறுனப்ப மீன் அலசிக்கிட்டிருந்தேன். கையக்கூடத் தொடைக்கல. அவரு அப்ப கடல்ல இருந்தாருக்கா.”

பெரியவள் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“டெஸ்ட்டுதானே, விடு.”

“டெஸ்ட்டுதான். நானும் பொண்ணுகிட்ட அப்பிடித்தான் சொன்னேன். அப்ப நெசமா வந்தா எப்பிடிம்மா அலறும்னு கேக்குறா.”

“நீ என்ன சொன்ன?”

“வேற மாதிரி அலறும்னு சொன்னேன். அப்பிடித்தானேக்கா?”

“இருக்கும். வேற மாதிரிதான் வெச்சிருப்பாங்க.”

டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்லம்மா,” என்றார். “அதே சத்தம்தான்.”