ஒட்டிவைத்த போடில்

தலை எளிதில் கிடைத்துவிடும், மேடம். முடிதான் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகளோடு பழகாதவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. கட்டைவிரல் உயரத்து ஆள். தலை, முடி, உடம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, மிச்சத்தைத் தூரிகையால் தீட்டினால் உங்களையே நான் செய்துவிடுவேன். மூக்கு மட்டும் வராது. எங்கள் ஆட்கள் யாருக்கும் மூக்கு கிடையாது. அதனால் அடுத்தவர் விஷயத்தில் நுழைப்பதும் இல்லை.

பொம்மை கட்டுகிறவர்களுக்கான எங்கள் கழகத்தில் ஆண்டுதோறும் ஒரு போட்டி. அவரவர் தெருவை ஆட்களோடு அப்படியே கட்டவேண்டும். நடுவர்கள் நிஜத் தெருவில் வீடு வீடாக நடந்து ஒப்பிடுவார்கள். போன முறை பக்கத்துவீட்டு கிரெஸ்டனின் நாயால் தோற்றேன். கன்றுக்குட்டி மாதிரி நாய். அந்த அளவில் பொம்மை நாய் வருவதில்லை. குதிரையை நிறுத்தி வாலை நறுக்கு என்றார் கழகத்தில் ஒருவர். அவருக்கு மேல்மாடி கொஞ்சம் காலி. நான் நாயை வண்டியில் ஏற்றி, வைலே நகரத்தைத் தாண்டி ஒரு பண்ணையில் விட்டுவந்தேன். கிரெஸ்டன் கம்பம் கம்பமாகக் 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டினார். பாவமாக இருந்தது, நானும் கூட நின்று ஒட்டிக்கொடுத்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் போடில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தார். வெள்ளைப் பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார். அந்த மாதிரி முடியை ஒரே ஒரு வருடம்தான் தயாரித்தார்கள். அலைந்து திரிந்து ஒன்று வாங்கினேன். ஆனால் பொம்மை நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. அங்கேதான் தப்புச் செய்தேன். இதை மட்டும் மனதார ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: பசை போட்டேன். எங்கள் கழகத்தில் பசை என்பது கெட்ட வார்த்தை. அதுவும் பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கிவிடும் பசை. முடி தலையோடு, தலை உடம்போடு, உடம்பு நாற்காலியோடு ஒன்றாகிவிட்டது. இனி அந்த முடியைப் பிரித்தெடுக்க ஆண்டவனாலும் ஆகாது.

பிப்ரவரியில் போடில் எழுந்து நின்றுவிட்டார். கொண்டாட்டத்துக்காகத் தோட்டத்துக் கம்பத்தில் கொடியேற்றி, அடுக்குக் கேக் செய்து தெருவையே கூப்பிட்டார். ஜூனில் கடலில் இறங்கி நீந்தப்போவதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெர்னர், உன் தெருவுல அந்தச் சோம்பேறி போடில் இன்னும் உக்காந்துதான் இருக்காளா? அவளை எழுப்பி நிறுத்துடா."

நான் பண்பில்லாதவன் அல்ல. நடுவர்கள் வரும் அன்று மட்டும் நாற்காலியில் உட்காரமுடியுமா என்று தனியாகப் போய்க் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லமுடியாது. போடில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் பொம்மைக்காக நான் நொண்டணுமா? போய் வேற பொம்மை செய்."

முடி? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களின் சிரமத்தை நினைத்துப் பார்க்காத மனிதர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் பின்வாசல் படிகளில் தண்ணீர் ஊற்றினேன். வெறும் தண்ணீர். அதை உறையவைத்தது குளிர். டென்மார்க்கின் குளிருக்கு நான் பொறுப்பல்ல. காலையில் பறவைகளுக்குத் தீனி வைக்க இறங்கினார். இம்முறை முதுகெலும்பு. இனி நடக்கவே முடியாது என்று மருத்துவர் சொன்னார். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ரொட்டிக்கடை வரை அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ, வெர்னர்."

ஜூனில் கடலில் நீந்தியிருப்பார், வேறென்ன.

அன்று நான் வாளியோடு போடில் வீட்டுப் பின்பக்கம் போனதைக் கிரெஸ்டன் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நாய் திரும்பிவரும் என்று தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிற மனிதர். நேற்று வேலியோரம் வந்து, "உறைபனில எந்தச் செடிக்கு தண்ணி ஊத்தினே?" என்றார். போடிலின் காதுபடத்தான் கேட்டார். நாற்காலியில் இருந்த போடில் என்னையே பார்த்தார். அப்புறம் தன் கால்களைப் பார்த்தார். அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம். நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். எனக்குத்தான் மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஆமாம், நான்தான் ஊற்றினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரேயொரு உதவி மட்டும் வேண்டும். சனிக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். மாதிரித் தெருவில் நான் என் வாசலில் நிற்கிறேன். நிஜத் தெருவில் ஆள் குறைந்தால் மதிப்பெண் போகும். அதனால் அதற்கு மறுநாள் வந்து என்னைக் கூட்டிப்போங்கள். போடிலைப் பற்றிக் கவலையில்லை. அவர் எங்கும் போகமாட்டார்.