அத்தானின் நாலாவது படம்

படம் எடுக்க உட்காரவைக்கும் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது. இருந்தால் ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்துகொள்வார்கள். தோள் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். என் ஸ்டுடியோவில் இருப்பது வெறும் முக்காலிதான். "இதுல உட்கார்ந்தாலே ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கு மாப்ளே" என்று அத்தான் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பெரிய அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்தவர். மனு கொண்டுவருகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது, "பார்க்கலாம்" என்று சொல்லும் சிரிப்பு. அதே சிரிப்போடுதான் வீட்டிலும் இருப்பார், அதே சிரிப்போடுதான் என் கேமராவுக்கு முன்னாலும் உட்காருவார். ஆறு முறை எடுத்திருக்கிறேன். ஆறும் ஒரே படம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்னவர் என் அத்தானைப் பார்த்ததில்லை.

ஏழாவது முறை, ஓய்வு பெறப்போகிறார் என்று அலுவலகச் சுவரில் மாட்டுவதற்காக வந்தார். காலை பதினொரு மணி, ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. கோட்டின் மேல்பையில் மாத்திரைப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளையில் அது நெஞ்சில் கட்டி வந்தது போலத் தெரியும். நானே எடுத்து கேமரா பக்கத்து மேசையில் வைத்தேன். "பத்திரம் மாப்ளே, அதுதான் என் உசுரு" என்றார். இதய நோய்க்காரர். அது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிப் புலம்புவாள்.

பெரிய பிலிம் கேமராவில், பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் விழும் உருவத்தைப் பார்த்துத்தான் கூர்மை, அதாவது போகஸ், வைக்க வேண்டும். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்வோம். உருவம் தலைகீழாக விழும். அன்று நான் துணிக்குள் இருந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. முகம் முழுக்க வேர்த்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு ஆள் இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

உட்கார்ந்தவுடனே சரிந்து உயிரை விட்டுவிட்டார், ஒரு படம்கூட எடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். வருஷம் திரும்பியதும் படத்தைக் கண்காட்சியில் மாட்டினேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியொரு படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது எப்படா எடுத்த?"

"அன்னைக்குத்தான்."

"உட்கார்ந்த உடனே விழுந்துட்டார்னு சொன்னியே."

"துணிக்குள்ள எல்லாம் தலைகீழாத் தெரியும்க்கா. சிரிக்கிறார்னு நினைச்சேன்."

அவள் சட்டத்தின் கண்ணாடிமேல், அவருடைய நெற்றி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "வேர்த்திருக்குடா அவருக்கு" என்றாள். அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். உருவம் தலைகீழாகத் தெரிந்ததால் அவருடைய நிலைமை எனக்குப் புரியவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தவறு. தொழில் தெரிந்தவன் எவனாவது படித்தால் வாய்விட்டுச் சிரிப்பான். கூர்மை வைத்து முடித்ததும் பிலிம் தட்டைப் பின்னால் செருக வேண்டும். செருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். அதற்குமேல் துணியும் இல்லை, தலைகீழும் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, ஆளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவோம். என்னை என்னவென்று வேண்டுமானாலும் எழுதுங்கள், தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நேராகத்தான் பார்த்தேன். "மாப்ளே, மாத்திரை" என்று கையை நீட்டினார். "அசையாதீங்க அத்தான், ஒரு செகண்டு" என்றேன். அசையவில்லை. நான் சொன்னதை அவர் கேட்டது வாழ்நாளில் அன்று ஒரு தடவைதான். ஒரு தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு பிலிம். இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த தட்டைச் செருகினேன்.

உடனே ஏன் மாத்திரையைக் கொடுக்கவில்லை என்கிறீர்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரை வைத்தியன்கூட இல்லை. எத்தனை மாத்திரை, தண்ணீரோடா, தண்ணீர் இல்லாமலா, எனக்கு என்ன தெரியும்? புட்டியின் மேல் எழுதித்தான் இருந்தது. படிக்கவில்லை.

மூன்றாவதும் எடுத்தாயிற்று. நாலாவதுக்குத்தான் கொஞ்சம் தாமதமானது. வெளியே மேகம் மறைத்து வெளிச்சம் பாதியாகிவிட்டது. ஒரு செகண்டை இரண்டாக்கி எடுத்திருக்கலாம், ஆனால் அவருக்கு அதற்குள் நடுக்கம் வந்துவிட்டது, முகம் கலங்கிப்போகும். அதனால் மேகம் விலகட்டும் என்று நின்றேன். நாலு நிமிடம் இருக்கும். புட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அத்தான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வெயில் வந்தது, அழுத்தினேன். தட்டை மூடி, எண் எழுதி, பையில் வைத்துவிட்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வேகமாகத்தான் போனேன்.

இதையும் சேர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மற்றபடி அத்தானின் சாவில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது.