களத்துச் சுணை

ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கிய பேருந்தில், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்.

"என் பொண்டாட்டிக்கு ரெண்டு மாசம் தேங்காண்ண தேச்சிவுட்டேன், மாமா. ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னா. களத்துல சாமை அடிச்ச தூசு, அந்தச் சுணைன்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"பித்தப்பையில புத்துநோயாம். ஈரலுக்கும் பரவிடுச்சி, ஆப்ரேசன் பண்ண முடியாதுன்றாங்க."

வளைவில் பெரியவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வலி இல்லியா?"

"வலது பக்கம் வெலாவுக்குக் கீழ வலிக்குதுன்னா. மூட்ட தூக்கனதுன்னேன். சோறு எறங்கல, ரவிக்க தொளதொளன்னு ஆச்சி. 'டவுன் பொம்பளயாட்டம் ஆய்ட்ட'ன்னு கிண்டல் பண்ணேன். அவளும் சிரிச்சா."

"கண்ணு மஞ்சளாவலியா?"

"கடைசியாதான் ஆச்சி. அப்புறந்தான் கூட்டினு போனேன். பித்தம் அடச்சிக்கினாலும் அரிக்குமாம். எப்பலேர்ந்து அரிக்குதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க."

"உனுக்கு எப்படித் தெரியும், வுடு. சாமை அடிச்சா எல்லாருக்கும் அரிக்கறதுதான."

அவர் மடியிலிருந்த ஸ்கேன் உறையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"களத்துல நானும் அவளுந்தான் அடிச்சோம், மாமா. எனக்கு ரெண்டு நாள்ல நின்னுபோச்சி."