சத்தமில்லாத குவார்ட்டர்ஸ்

19.02.2025 காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் தானே முன்வந்து ஆஜரான புகார்தாரர் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளரால் எழுதப்பட்டது.

என் பெயர் இளவழகன், வயது 36, தகப்பனார் பெயர் சக்கரபாணி. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். தற்போது நெய்வேலி நகரியம் 21ஆவது வட்டத்தில் தரைத்தளக் குவார்ட்டர்ஸில் மனைவி எழில்மதி, மகள் இசைப்பிரியா ஆகியோருடன் வசித்து வருகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட் தொழிலாளி. மகளுக்கு மூன்று வயது முடிந்து பத்து மாதம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை 16.02.2025 அன்று சுக்ராம் என்ற வடமாநிலக் கான்ட்ராக்ட் தொழிலாளி என் மகளைக் கடத்திச் சென்றதாக நான் இதே நிலையத்தில் கொடுத்த புகார் உண்மையல்ல. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எனக்கு மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். எந்த ஷிப்ட்டானாலும் பகலில் படுப்பேன். நான் படுத்தால் வீட்டில் சத்தம் கூடாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் என் மனைவி அடுப்பை அணைத்துவிடுவாள். மிக்சியை நான் வருவதற்கு முன்பே ஓட்டி முடித்துவிடுவாள். நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்குகிறார் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட கதவை மெல்லச் சாத்துவது எங்கள் வட்டத்தில் வழக்கம். குழந்தைக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது தவழ்ந்து வந்து என் கால் விரலைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். நான் எழுந்து மனைவியிடம், "இதக்கூட பாத்துக்க முடியலன்னா வூட்ல என்னதான் பண்ணிகினு இருக்க?" என்று கேட்டேன்.

மறுநாள் முதல் குழந்தை கத்தவில்லை. என் மனைவி தன் செல்போனில் கார்ட்டூன் போட்டு அவள் கையில் கொடுத்திருந்தாள். ஒன்று முடிந்தால் அதுவே அடுத்ததைப் போட்டுக்கொள்ளும். அப்படி ஒருநாள் இந்திக் கார்ட்டூன் வந்தது. மாற்றினால் அழுகிறாள் என்று அதையே விட்டுவிட்டோம். எனக்கு நல்ல தூக்கம் கிடைத்தது. என் பிள்ளை மாதிரி சமத்து உண்டா என்று வேலை செய்யும் இடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்று வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதால் காது டாக்டரிடம் காட்டினோம். அவர் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, காதில் குறை இல்லை என்று சொல்லி, தினமும் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாள் என்று கேட்டார். என் மனைவி, "ஒரு மணி நேரம் இருக்கும்ங்க" என்றாள். எட்டு மணி நேரம் என்று எனக்குத் தெரியும். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "புள்ளைக்கு பேச்சு வரணும்னா எதிர்ல ஒரு ஆள் உக்காந்து பேசணும்ங்க" என்று சொல்லி, வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரச் சொன்னார். இரண்டு வாரம் போனோம். ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று நான்தான் நிறுத்தினேன். இன்று வரை என் மகளுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

சம்பவத்தன்று நைட் ஷிப்ட் முடித்து வந்து காலை எட்டு மணிக்குப் படுத்தேன். பத்து மணிக்கு மேல் மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்துவிட, குழந்தை வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருக்கிறாள். மனைவி தனியாகவே நான்கு தெரு தேடிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் என்னை எழுப்பினாள். முன்பே எழுப்பினால் திட்டுவேன் என்று பயந்ததாகச் சொன்னாள். சொல்லும்போதும் மெதுவான குரலில்தான் சொன்னாள்.

அதன் பிறகு நானும் என்னோடு வேலை செய்யும் செங்குட்டுவனும் பைக்கில் தேடிப் போனோம். முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில் சுக்ராம் என் மகளைத் தோளில் உட்கார வைத்து நடந்து போய்க்கொண்டிருந்தார். அவள் கையில் பிஸ்கட் இருந்தது. அவள் ஏதோ சொன்னாள், அவர் பதில் சொன்னார், மறுபடி அவள் சொல்லிச் சிரித்தாள். என் மகள் ஒருவரிடம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் வந்தது அவர் கடத்துகிறார் என்பதால் மட்டும் அல்ல. செங்குட்டுவன், "புள்ள புடிக்கிறவன்டா, வுடாதீங்க" என்று கத்தினார். நான் குழந்தையை இறக்கிவிட்டு முதல் அடி அடித்தேன், பிறகு ஹெல்மெட்டால் அடித்தேன். அதன் பிறகு கூட்டம் சேர்ந்து அடித்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, எதிரே இருந்த டீக்கடையைக் காட்டி ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவருக்கு இடது கை எலும்பும் தாடையும் உடைந்துவிட்டன.

மறுநாள் அந்த டீக்கடைக்காரர் தனகோடி என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "கொழந்த கடையாண்ட நின்னுகினு இருந்துச்சி. பேரு கேட்டா சொல்லல. தண்ணிய காட்டி இந்தில என்னமோ கேட்டுச்சி. அவங்க ஊரு புள்ளதான்னு நெனச்சி, ரோட்ல போன அவன கூப்ட்டு, அவங்க தங்கற ஷெட்ல யாரு புள்ளன்னு பாத்து குட்துடுன்னு நான்தாங்க அனுப்பினேன்" என்றார். அடிக்கும்போது ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எல்லாம் அடிச்சிகினு இருந்தீங்க, நடுவுல யாருங்க வர்றது" என்றார். பிஸ்கட் அவர் கடையில் சுக்ராம் வாங்கிக் கொடுத்தது.

இதைச் செங்குட்டுவனிடம் சொன்னபோது, "கேஸ் அப்டியே போவட்டும். இப்ப மாத்தி சொன்னா நீதான் உள்ள போவ. புள்ளைக்கு பேச்சு வரலன்னு பிளாக் முழுக்க தெரிஞ்சிடும்" என்றார். இரண்டும் எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்ததற்கும் வெட்கப்படுகிறேன்.

என்னைப் பார்த்ததும் குழந்தை "அப்பா" என்று கதறியதாகப் புகாரில் எழுதியிருக்கிறேன். அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று நடந்தது வேறு. சுக்ராம் கீழே விழுந்த பிறகு அவள் கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் புகுந்து போய், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உடோ, உடோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பிரிவில் இந்தி தெரிந்த விஷ்ணுவிடம் நேற்று அர்த்தம் கேட்டேன். எழுந்திரு என்று அர்த்தமாம். என்னை எழுப்பக்கூடாது என்று பத்து மாதக் குழந்தையிலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம். அதன் பிறகு அவள் என்னை எழுப்பியதே இல்லை.

சுக்ராம் மீது குற்றம் இல்லை. முதல் அடி என்னுடையது. இதில் எழுதியுள்ள எல்லாம் என் வாயால் சொன்னவை, யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. இளவழகன்