உங்கம்மா மரத்து ஆரஞ்சு

சிரிப்பீங்க அத்தான், சத்தியமா சிரிப்பீங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிற மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா இப்ப சொல்ல மாட்டேன். முதல்ல கையில இருக்கிறதை முடிங்க. பையில இன்னும் பதினொண்ணு கிடக்கு.

அக்காவா? இப்பதானே போனா. வண்டிக்கு மருந்து அடிக்கணும், அந்தப் பக்கம் போய் நிறுத்தணும், வரிசை வேற. அந்தப் பெரிய லாரி மறைக்குது, அதான் தெரியல. உக்காருங்க. பழத்தோட நீங்க அந்தச் சோதனைச் சாவடிக் கோட்டைத் தாண்டினா அந்தப் பச்சைச் சட்டைக்காரர் பிடுங்கித் தொட்டியில போட்டுருவார். ஆத்துக்குத் தெற்கே ஒரு பழ ஈகூட போகக் கூடாதாம். ஆரஞ்சுக்குப் பேர்போன கொன்கோர்தியா ஊர்க்காரர் நீங்க, உங்கம்மா மரத்து ஆரஞ்சைக் குப்பைக்குக் கொடுத்துட்டு ஊர்ல முகத்தைக் காட்ட முடியுமா? அதோ பாருங்க, அந்தக் குடும்பமும் நம்ம மாதிரிதான், ஆளுக்கு ரெண்டு ரெண்டா ஆப்பிளைக் கடிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்காங்க. குழந்தைக்கு விக்கலே வந்துடுச்சு.

நானா? எனக்கு வேண்டாம் அத்தான், காலையிலருந்து வயிறு சரியில்ல. பின்சீட்ல உக்காந்து வந்து பாருங்க, தெரியும். லுஹான்ல விடியறதுக்கு முன்னாடி கிளம்பினோம், இப்ப மணி நாலு. இத்தனை நேரமும் உங்க தலையோட பின்பக்கத்தையேதான் பார்த்துக்கிட்டு வந்தேன். அது ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அக்காவைப் பார்த்த நேரம் ஜாஸ்தி.

கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசுறதைச் செஞ்சு காட்டவா? செலினா, வெந்நீர் பிடிக்க ஆறு நிமிஷமா? அங்க எத்தனை பேர் இருந்தாங்க? ஆம்பளையா பொம்பளையா? மீசை இருந்துச்சா? எப்படி, அச்சு அசலா இருக்கா? மாத்தே டீ வேணும்னு குவளையை நீட்டிக்கிட்டே வந்தது நீங்க. ஃபிளாஸ்க் காலியானா வெந்நீர் எங்கருந்து வரும், வானத்துலருந்தா?

அப்புறம் அசுல் ஊர்ல பெட்ரோல் போட்டாரே ஒரு தாத்தா, வாயில மொத்தமே ரெண்டு பல்லு. ழாக்கிரதையா போயிட்டு வாம்மா ராணின்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு நாப்பது கிலோமீட்டர் விசாரணை. ராணின்னு ஏன் கூப்பிட்டான்? முன்னாடியே தெரியுமா? இந்த வழியா எப்ப வந்தே? எழுபது வயசு அத்தான் அவருக்கு! என்னையும்தான் ராணின்னார். அதை யாரு கேட்டா?

அந்தத் தோலை இங்க வைங்க. நல்லாத்தானே இருக்கு? இன்னொண்ணு உரிச்சுத் தரேன்.

அந்தச் சிரிப்புக் கதை வருது, வருது, இருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நாளைக்கு சாயங்காலம் அந்தப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவீங்க. சுத்தி எண்பது கிலோமீட்டருக்கு ஆள் கிடையாது, போன் எடுக்காது, வண்டிச் சாவி உங்க பாக்கெட்ல. இதை அக்காகிட்ட நீங்கதான் சொன்னீங்க, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. அவ கண்ணாடியை இறக்கிக் கையை வெளிய நீட்டினா. உடனே நீங்க, யாருக்குக் கை காட்டுறே? வெளிய ஆடுங்கதான் அத்தான் இருந்துச்சு. வேலியோரமா ஒரு இருநூறு ஆடு. அதுல எதைச் சந்தேகப்பட்டீங்க?

கேள்வி இதுதான். அங்க போனதுக்கப்புறம் அவ என்கூடப் பேசணும்னா எப்படிப் பேசுவா?

சரி, பேச மாட்டா. அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன். இந்தாங்க, இது நல்லா இனிக்கும்.

போதுமா? இன்னும் நாலுதானே. இப்ப விட்டா உங்கம்மா என்ன சொல்வாங்க? மத்தியானம் நாம பாஹியா பிளாங்காவுல நின்னப்ப போன் பண்ணாங்கள்ல, எப்படிக் கத்துனாங்க! அடேய் ஃபாபியான், என் கோழிக்குஞ்சே, க்ஹும், பக்கத்து வீட்டு போன்லருந்து பேசுறேண்டா, என் போன் தண்ணியில விழுந்துடுச்சு. என் ஆரஞ்சு ஒண்ணுகூட அவனுங்க கைக்குப் போகக் கூடாது, க்ஹும். மருந்துப் புகை பட்டா விஷமாயிடும், நீ இறங்கி வெளிய உக்காந்து அத்தனையும் தின்னு. வண்டியை அவ ஓட்டிக்கிட்டுப் போகட்டும்.

ஏன் அத்தான் மெல்லுறதை நிறுத்திட்டீங்க?

அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு எப்படித் தெரியும்னா? நீங்க ஸ்பீக்கர்ல போடல, நிஜந்தான். அப்ப நான் எங்க இருந்தேன்? டாய்லெட்ல. வாசல்ல தரை துடைச்சுக்கிட்டு இருந்த வேலைக்காரம்மாகிட்ட போனை வாங்கி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, க்ஹும்னு ஒரு தடவை செருமிப் பார்த்துக்கிட்டேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தேன். நீங்க அக்காவை வெந்நீர்க் குழாய்கிட்ட வெச்சு வாட்சைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. என்னோட நிமிஷத்தை யாரும் எண்ணல.

இதான் அத்தான் அந்தச் சிரிப்பு. கோழிக்குஞ்சு! முப்பத்தெட்டு வயசு ஆளு, சரிம்மா, தின்னுடுறேம்மான்னு தலையாட்டினீங்களாமே. அக்கா சொன்னா. சிரிக்கலையா?

இந்த விளையாட்டெல்லாம் எதுக்குன்னா? நல்லா கேக்குறீங்க. சும்மா ஒருத்தரை உக்கார வெச்சு இத்தனை ஆரஞ்சு தின்ன வைப்பாங்களா?

மெதுவா எந்திரிங்க, பெஞ்சு சாயுது. ஆமா, லாரி கிளம்பிடுச்சு. அந்தப் பக்கம் எல்லாம் நல்லாத் தெரியுது இப்ப. இல்ல, டாய்லெட்டுக்குப் பின்னாடியும் இல்ல. அது எங்கப்பா அவளுக்கு வாங்கிக் கொடுத்த கார்தானே, அவதான் எடுத்துக்கிட்டா. உங்க பெட்டியை இறக்கி பச்சைச் சட்டைக்காரர்கிட்ட கொடுத்துட்டுத்தான் போயிருக்கா. சட்டையெல்லாம் நேத்தே இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சா, பாவம்.

கத்தாதீங்க. ஆப்பிள்காரங்க பார்க்குறாங்க, லாரிக்காரங்க ரெண்டு பேரும் பார்க்குறாங்க. எனக்கு அஞ்சு மணிக்கு இங்கயே பஸ்ஸு, டிக்கெட் இருக்கு.

அந்த ஆம்பளை யாருன்னா கேக்குறீங்க? ஐயோ, எவனும் இல்ல அத்தான். நீங்க தேடுன அந்த ஆளு ஒரு நாளும் இருந்ததே இல்ல. அவ தனியாத்தான் போறா.

போன் போட்டுப் பாருங்க, தாராளமா. அதுல அவ எங்க இருக்கான்னு காட்டுற மாதிரி ஒண்ணு போட்டு வெச்சிருக்கீங்களே, அதையும் பாருங்க. எங்க காட்டுது? இந்த மேசையிலயா? கரெக்ட்தான். என் பைக்குள்ளதான் அடிக்குது, கேக்குதா?

எடுக்கவா? அவ குரல்லயே பேசட்டுமா?