பூச்சு காய்வதற்குள்

சுந்தரி: ...இதுவும் போச்சா?

வேதாச்சலம்: வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்காத. நிழல் வுழுது.

சுந்தரி: கேக்கறேன் இல்ல மாமா. இதுவும் போச்சா?

வேதாச்சலம்: போவல. வால் கிட்ட கொஞ்சம் கட்டி நிக்குது. முதுகுல ரெண்டு கொப்புளம். அவ்ளோதான்.

சுந்தரி: அவ்ளோதானா... நாலாவது தபா தேய்ச்சிட்டு நாலாவது தபா பூசறே. உள்ள நீ வரைஞ்ச செதில் எல்லாம் தேய்ஞ்சிடப் போவுது.

வேதாச்சலம்: தேயாது.

சுந்தரி: தூண்டில்ல கட்டித் தண்ணியில எறியற கட்டை மீனு. இதுக்கு இவ்ளோ பளபளப்பு எதுக்கு? விரால் இன்னா பொண்ணு பாக்கவா வருது?

வேதாச்சலம்: விரால் பாக்காது. மெட்ராஸ்ல கமலக்கண்ணன் சார் பாப்பாரு. பன்னெண்டு கேட்டுக்கீறாரு. இந்த எபாக்சி பூச்சு ஒரு இடத்துல ஒட்டாம வுட்டாலும் தண்ணி உள்ள பூந்துடும், கட்டை ஊதிடும். அப்பறம் பிச்சாட்டூர் டேமுக்கு வர்றவன் ஒருத்தனும் நம்ம மீன வாங்க மாட்டான்.

சுந்தரி: சரி சரி. துன்னியா?

வேதாச்சலம்: துன்னேன். நீ போய்ப் படு. தறியில நின்னுட்டு வந்து கீறே.

சுந்தரி: படுக்கறேன்... இது இன்னா, கையில ஒட்டுது?

வேதாச்சலம்: தொடாத! விரல் எண்ணெய் பட்டா அந்த இடத்துல பூச்சு நிக்காது. எத்தினி தபா சொல்றது?

சுந்தரி: நேத்து பூசினது இது. இன்னும் பிசுபிசுன்னு கீதே?

வேதாச்சலம்: எபாக்சிக்குக் கலக்கற ரெண்டு மருந்தும் சமமா வுழல போல. ஒண்ணு கூடிப் போச்சின்னா காயாது.

சுந்தரி: அளவு கோடு போட்ட கப்புதானே அது?

வேதாச்சலம்: கோடு அழிஞ்சிப் போச்சி.

சுந்தரி: எனக்கு நல்லாத் தெரியுதே. இங்க நூல் மாதிரி ஒண்ணு...

வேதாச்சலம்: பஞ்சு. நகரியில உக்காந்துக்கினு வேற இன்னா வரும்? நாலு பக்கமும் தறி ஓடுது.

சுந்தரி: ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினது நான். தரைய தொடச்சது நான். பஞ்சு எங்கேர்ந்து வரும்? இது பிரஷ் முடி மாமா. அழுத்தி இழுத்துக்கீறே.

வேதாச்சலம்: பிரஷ் மட்டம்.

சுந்தரி: புது பிரஷ்.

வேதாச்சலம்: புதுசுன்னா நல்லதாயிடுமா? வுடு. இன்னொரு கப்பு கலக்கறேன்.

சுந்தரி: குடு, நான் கலக்கறேன்.

வேதாச்சலம்: ஒத்து.

சுந்தரி: குடுய்யா...

வேதாச்சலம்: ஒத்துன்றேன் இல்ல! மெதுவாக் கலக்கணும். வேகமா சுத்தினா காத்து பூந்து நொரைச்சிக்கும். அதான் கொப்புளம். உனக்குப் பழக்கம் இல்ல.

சுந்தரி: நீ மெதுவாத்தான் கலக்கறே. குச்சிதான் மெதுவா சுத்தல.

வேதாச்சலம்: ...இன்னா சொல்ல வர்றே?

சுந்தரி: ஒண்ணும் இல்ல. டீ ஆறுது.

வேதாச்சலம்: ஆறட்டும். அங்கயே வை.

சுந்தரி: பொங்கல்லேர்ந்து நீ சூடா டீ குடிச்சி நான் பாக்கல. அரை டம்ளர் ஊத்துன்றே. ஆறட்டும்ன்றே. நான் அந்தாண்ட போனதும்தான் எடுக்கறே. ரெண்டு கையாலயும்.

வேதாச்சலம்: வேவு பாக்கறியா?

சுந்தரி: ஒரு ரூமு வீடு. வேவு வேறயா...

வேதாச்சலம்: வயசாவுது சுந்தரி. அவ்ளோதான்.

சுந்தரி: நாப்பத்தெட்டு ஒரு வயசா? தறிய எதுக்கு வுட்டே?

வேதாச்சலம்: அதான் சொன்னேனே. சத்தம். காது அடைக்குது.

சுந்தரி: காது நல்லாத்தான் கேக்குது. மூணாம் வீட்டுல பேசறது உனக்குக் கேக்குது. அறுந்த இழைக்கு முடிச்சு போட வரல உனக்கு. ஓனர் பாக்கறதுக்குள்ள பக்கத்துத் தறி தணிகாசலம் அண்ணன் வந்து போட்டுக் குடுத்துக்கினு இருந்தாரு. ஒரு வருசமா எனக்குத் தெரியும்.

வேதாச்சலம்: அவன் சொன்னானா?

சுந்தரி: அவரத் திட்டாத. மனசு கேக்காமதான் சொன்னாரு.

வேதாச்சலம்: ...அந்த மோட்டார நிறுத்து. காய வெக்க மீனு இல்ல, வெறும் கம்பி சுத்திக்கினு கீது.

சுந்தரி: நிறுத்திட்டேன். போன மாசம் தூண்டில் ஊக்கு வாங்கறேன்னு திருப்பதி போனியே. ஊக்கு எங்க?

வேதாச்சலம்: கடை சாத்திட்டான்.

சுந்தரி: மூணு தபாவுமா? சட்டைய நனைக்கறப்போ பாக்கெட்ல சீட்டு இருந்துது. தெலுங்கும் இங்கிலீசுமா. ஆஸ்பத்திரி சீட்டுன்றது மட்டும் தெரிஞ்சிது.

வேதாச்சலம்: யாரையாச்சும் படிக்கச் சொன்னியா?

சுந்தரி: இல்ல. மடிச்சி உன் வேற சட்டை பாக்கெட்ல வெச்சேன். நீயா சொல்லுவேன்னு...

வேதாச்சலம்: நரம்பு. கை நடுங்கறது அதாலதான்.

சுந்தரி: ம்.

வேதாச்சலம்: மொத தபா டெஸ்ட்டு. ரெண்டாவது தபா மண்டைய ஸ்கேன் எடுத்தாங்க. மூணாவது தபா டாக்டரு உக்கார வெச்சி, "பயம் லேது, கானி பூர்த்திகா தக்கதண்டி"ன்னாரு.

சுந்தரி: பயம் இல்ல, ஆனா முழுசா கொறையாதா?

வேதாச்சலம்: கொறையாது. ஏறாம இருக்க மாத்திரை. இருக்கற வரைக்கும் துன்னணும்.

சுந்தரி: துன்றியா?

வேதாச்சலம்: இருபது நாளா. நீ ஷிஃப்டுக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்குவேன்.

சுந்தரி: கேக்குதா?

வேதாச்சலம்: அதத்தான் பாத்துக்கினு கீறேன். இந்தப் பன்னெண்டும் நல்லா வந்துச்சின்னா மாத்திரை கேக்குதுன்னு அர்த்தம்... அப்பிடி மனசுக்குள்ள வெச்சிக்கினேன்.

சுந்தரி: எத்தினி வந்துச்சி?

வேதாச்சலம்: ரெண்டு. அந்த ரெண்டும் ஒரு பக்கந்தான்.

சுந்தரி: ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா எங்கிட்ட? நான் இன்னா செத்தா பூட்டேன்?

வேதாச்சலம்: எட்டு மணி நேரம் நிக்கறே. காலு வீங்கிக்கினு வர்றே. வந்து இதையும் தூக்கணுமா நீ?

சுந்தரி: தெரியாத மாதிரி தூக்கறது மட்டும் லேசாவா கீது?

வேதாச்சலம்: அழாத. ஏய்... எபாக்சி கையோட கண்ணத் தொடைக்காத. எரியும். அந்தத் துணிய எடு.

சுந்தரி: எனக்கு அழுவக்கூட தெம்பு இல்ல மாமா. தூக்கம் வருது.

வேதாச்சலம்: எனக்குந்தான்... காலையில சாருக்கு போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன்.

சுந்தரி: இன்னாத்துக்கு?

வேதாச்சலம்: போன மாசம் அனுப்பின ஆறு மீனையும் பாத்துட்டு, கண்ணாடி மாதிரி கீதுன்னாரு. அதே பூச்சு வேணும்ன்றாரு. என் கையால அது வராது. ஒத்துக்கினு ஏமாத்தக்கூடாது இல்ல.

சுந்தரி: போன் போடாத.

வேதாச்சலம்: போட்டுத்தானே ஆவணும்...

சுந்தரி: போடாதன்றேன். மாமா... அந்த ஆறு...

வேதாச்சலம்: இன்னா அந்த ஆறு?

சுந்தரி: கோவிச்சிக்கக் கூடாது நீ.

வேதாச்சலம்: சொல்லு மே.

சுந்தரி: நீ பூசி, கம்பியில மாட்டி, மோட்டார சுத்த வுட்டுட்டு இங்கயே பாயில படுத்தே. மத்தியானம். எனக்கு லீவு. வந்து பாத்தா எல்லாத்துலயும் கட்டி, கொப்புளம்... பூச்சு காயறதுக்குள்ள ஊசியால கொப்புளத்த குத்தினேன். கட்டிய வழிச்சேன். வுட்ட இடத்துல எல்லாம் மிச்சத்த தொட்டுத் தொட்டு இழுத்தேன். ஆறும் என் கைதான் மாமா. நீ எழுந்து, தானா சமமாயிடுச்சி பாத்தியான்னு சிரிச்சே. அதுக்கு அப்பறம் எனக்குச் சொல்ல வாய் வரல.

வேதாச்சலம்: தெரியும். அன்னிக்கி நான் தூங்கவே இல்ல சுந்தரி. அசைஞ்சா நீ பயந்து நிறுத்திடுவேன்னு, நீ ஆறாவது முடிக்கற வரைக்கும் அப்பிடியே ஒரு பக்கமா கெடந்தேன்... ரெண்டு நாளு இடுப்பு நிமிரல.