என் முற்றத்தின் சுத்தமும் அடுத்த வீட்டுக் கட்டிலும்

ஒரு கால் குட்டையான மேசையை இரண்டு மணி நேரமாக முழங்கையால் அழுத்திப் பிடித்தபடி இந்த அவையை நடத்தும் தலைவர் அவர்களே, மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் செயலாளர் அவர்களே, வயதில் எனக்கும் மூத்த, முன்வரிசைப் பெரியவர்கள் மூவரே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

இன்றைய நான்காவது பொருள் என் மனு. என் அடுத்த வீட்டுத் தையற்காரப் பெண் கொல்லையில் போட்டு வைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை நம் குடியிருப்போர் சங்கமே ஆள் வைத்து அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை. முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே நாற்பத்தொரு கையெழுத்துகள். வீடு வீடாகப் படியேறி வாங்கியவள் நான். நீங்கள் கை தூக்கினால் நாளைக் காலை வண்டி வந்துவிடும்.

மனுவின் வாதம் எளிது. குப்பை இருந்தால் எலி வரும். எலி வந்தால் பருந்து வரும். பருந்து வந்தால் என் கோழிக்குஞ்சு போகும். ஆகவே குப்பை போகட்டும்! கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். கால் வழுக்காமல் வாதம் செய்ய அங்கே கற்றுக் கொடுத்தார்கள். போகும் வழி சரிதானா என்று பார்ப்பதை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. இரண்டு வாரத்தில் ஐந்து போயின. நான் சும்மா இருந்தேனா? இல்லை. என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, ஒரு பொம்மைக்கு அணிவித்து முற்றத்தின் நட்டநடுவில் நிறுத்தினேன். ஒரு நாள் பருந்து தள்ளி உட்கார்ந்தது. மறுநாள் அருகில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் அந்தச் சட்டையின் தோளிலேயே உட்கார்ந்தது. சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை, தையற்காரப் பெண்ணின் கொல்லையில் எத்தனை எலி ஓடுகிறது என்று எண்ண மாடி ஜன்னலில் உட்கார்ந்தேன். சான்று இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. அந்த ஜன்னலிலிருந்து இரண்டு கொல்லைகளும் தெரியும். அந்தப் பக்கம் கயிறு அறுந்த கட்டில், கால் போன மேசை, வெட்டாத செம்பருத்திப் புதர், கவிழ்த்த கூடைகள். இந்தப் பக்கம் என் முற்றம். ஒரு சருகு கிடையாது, ஒரு செடி கிடையாது. நான்தான் எல்லாவற்றையும் வெட்டிக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன்.

பத்தே முக்கால் மணிக்கு வானத்தில் ஒரு நிழல். அவள் வீட்டுச் சேவல் தொண்டைக்குள் நீளமாக ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான்! பதினோரு குஞ்சுகள் கட்டிலுக்கு அடியிலும் புதருக்குள்ளும் மறைந்துவிட்டன. அவள் தையல் இயந்திரத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பருந்து ஒரு வட்டம் அடித்தது. மதிலைத் தாண்டி என் பக்கம் வந்தது. என் குஞ்சுகளும் ஓடின. எங்கே ஓடும்? எதற்கடியில் ஒளியும்? பளபளவென்ற என் முற்றத்தில் ஒரு குஞ்சு ஒதுங்க ஒரு விரற்கடை நிழல் உண்டா? ஆறாவது குஞ்சும் போயிற்று.

மதிலுக்குப் போனேன். அவள் வந்து நின்றாள்.

"என்ன பெரியம்மா, மனுவுல இன்னும் ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"அந்தக் கட்டில எதுக்குப் போட்டு வச்சிருக்கே?"

"பருந்து வந்தா குஞ்சுங்க எங்க ஓடும்? உங்க முற்றம் மேலேருந்து பாக்குறதுக்குத் தட்டுல எடுத்து வச்ச மாதிரி இருக்கு."

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? வாயத் திறந்தாலே, 'மொதல்ல கொல்லையைக் கூட்டு'ன்னீங்க."

உண்மை. அப்படித்தான் சொன்னேன். இன்னொன்றும் உண்மை. என்னிடமும் ஒரு சேவல் இருந்தது. என் வீட்டுக்காரர் வளர்த்தது. நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது என்று, அவர் இறந்த மாதமே, வீட்டுக்கு வந்த மின்வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் குரல் எழுப்பி எச்சரிக்க இருந்த ஒன்றையும் நானே அனுப்பினேன்.

என்ன? எலியா? பின்வரிசையில் கேட்பவர் சத்தமாகவே கேட்கலாம். எலி எண்ணத்தான் உட்கார்ந்தேன்; ஒன்றுகூடத் தென்படவில்லை. அவள் தீவனத்தை மூடி போட்ட தகர டப்பாவில் வைக்கிறாள். நான்தான் திறந்த தட்டில் வைத்தேன்.

அப்படியானால் பருந்தைக் கொல்வதா? வேண்டாம். அது தன் வேலையைச் செய்கிறது, என்னைவிட ஒழுங்காக. நாம் நம் வேலையைச் செய்வோம். கூண்டுக்கு மேலே வலையை இழுத்துக் கட்டுவோம். குஞ்சு எங்கே நின்றாலும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஒரு மறைவு வைப்போம். பொம்மை வைத்தால் தினமும் இடம் மாற்றுவோம். சேவல் குரல் கொடுத்தால் காது கொடுப்போம். மனிதர் குரல் கொடுத்தாலும் காது கொடுப்போம்!

என் வீட்டுக்காரர் நில அளவையாளர். அவருடைய வரைமேசையை எட்டு வருடமாகத் தினமும் துடைத்து வைத்திருந்தேன்; ஒரு காகிதம் வைக்கக்கூட யாரையும் விட்டதில்லை. நேற்றுக் காலை அதை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். இழுத்ததில் மேசையின் ஒரு கால் கீறிவிட்டது. மதியம் பருந்து வந்தது. மிச்சமிருந்த மூன்று குஞ்சுகளும் அதன் அடியில் ஓடி ஒளிந்தன. மூன்றும் இருக்கின்றன.

நாற்பத்தொரு பேரும் என் வாதத்தை நம்பிக் கையெழுத்திட்டீர்கள். வாதம் தவறு. மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கட்டில் அங்கேயே கிடக்கட்டும்.

தையற்காரம்மா, கடைசி வரிசையில் அழுகிறாயா, சிரிக்கிறாயா? என்ன சொல்கிறாய்? "கவுத்த கூடை ரெண்டு மிச்சம் இருக்கு, எடுத்துக்கோங்க பெரியம்மா" என்கிறாள். எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், முடித்துவிட்டேன். இந்த மனுத்தாள் நல்ல கெட்டித்தாள். இதோ, எட்டாக மடிக்கிறேன். தலைவர் அவர்களே, சற்று நகருங்கள். மேசைக்காலுக்கு அடியில் வைக்கிறேன். ஆயிற்று. இனி முழங்கையை எடுக்கலாம்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.